பத்துக் கணினிகளும் ஒரு லயத்து வீடும்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய ராசாவில் இருக்கும் அம்மா போன மாதம் அனுப்பிய பதினோரு நிமிடக் குரல் பதிவிலிருந்து எடுத்தது. நான் கனடாவுக்குப் படிக்க வந்து ஏழு மாதம் ஆகிறது. கணினி வலையமைப்புப் பாடம். வகுப்பில் பாதி புரியவில்லை, புரியவில்லை என்று கையைத் தூக்கவும் பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் புலம்பினேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்லவில்லை. வள்ளிநாயகியைப் பற்றிச் சொன்னார்.

கேட்டு முடித்ததும் இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதுவது என்றால் தொலைபேசியிடம் பேசுவது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி, கையுறையைக் கழற்றாமல், பேச்சு எழுத்தாவதைப் பார்த்துக்கொண்டு. அறைக்குப் போய்த் திருத்துவேன். வீட்டுக் குழுவில் போடத்தான் தொடங்கினேன். அம்மா, சரோ அக்கா, சித்தப்பா, மூன்று பேர் படித்தால் போதும் என்றிருந்தது. இப்போது நீங்களும் படிக்கிறீர்கள். [நீங்கள் யாரென்று தெரியாததால் உங்களிடம் பயம் கொஞ்சம் குறைவு. சரோ அக்காவிடம்தான் அதிகம்.]

2

முதல் தொடக்கம்: “ரப்பர் மரங்களுக்கிடையே பனி இறங்கிக்கொண்டிருந்த ஓர் அதிகாலையில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ராக்கம்மா—”

விட்டுவிட்டேன். அந்தப் பனியை நான் பார்த்ததே இல்லை. நான் வளர்ந்தது ராசாவில், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடி தெரியும் வரிசை வீட்டில். தோட்டங்களைக் காரில் கடந்ததுண்டு, போர்ட்டிக்சனுக்குக் கடலில் குளிக்கப் போகும் வழியில். அப்போதும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் தொடக்கம்: “கல்வி என்பது ஓர் ஏணி. அதன் ஒவ்வொரு படியிலும்—”

இதை வாய்விட்டுச் சொன்னபோது பஸ் நிறுத்தத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: சிரம்பானிலிருந்து சுவா பக்கம் போகும் பஸ் மாலை நாலரைக்குத்தான் கிளம்பும்.

அந்த பஸ் மட்டும் ஒரு மணிக்கு இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

3

வருடம் 1995. சிரம்பானில், மோட்டார் உதிரிப்பாகக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் ஒரு கல்லூரி. கல்லூரி என்று பெயர்ப்பலகையில் இருந்தது. உள்ளே இரண்டு அறைகளும் ஒரு கூடமும்தான். அந்த ஆண்டு அங்கே நடந்தவை இரண்டே பாடங்கள். காலையில் இயற்கை வள மேலாண்மை: மண், நீர், மலைச்சரிவு, ஆற்றோரம், எந்த நிலத்தில் எதை நடலாம், எதை வெட்டவே கூடாது. அதை நடத்தியவர் ராமகிருஷ்ணன் என்ற ஓய்வுபெற்ற நில அளவையாளர். பிற்பகலில் கணினி வலையமைப்பு. அதை நடத்தியவள் மங்கையற்கரசி, வயது இருபத்துநான்கு.

மங்கையற்கரசிதான் என் அம்மா. கதைக்குள் வந்ததும் அம்மா ‘அவள்’ ஆகிவிடுகிறார். சரோ அக்கா கோபிக்கக் கூடாது. ‘அவர்’ போட்டு எழுதிப் பார்த்தேன், பள்ளி ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினரை வரவேற்பதுபோல இருந்தது.

மங்கையற்கரசிக்குத் தன் பாடம் முழுதாகத் தெரியாது. இதை எழுதவேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். “தெரியாது எண்டே எழுது,” என்றார், எங்கள் வீட்டு யாழ்ப்பாணத் தமிழில். கோலாலம்பூரில் ஆறு மாதப் பயிற்சி முடித்திருந்தாள். அந்தப் பயிற்சியில் கணினி இருந்தது, கம்பி இல்லை. கல்லூரி அவளிடம் ஒரு தடித்த கையேட்டைக் கொடுத்து நடத்தச் சொன்னது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓர் அத்தியாயம் படிப்பாள். திங்கட்கிழமை அதை நடத்துவாள். மாணவர்களைவிட ஒரே ஓர் அத்தியாயம் முன்னால் இருந்தாள், அவ்வளவுதான்.

வள்ளிநாயகி காலைப் பாடத்து மாணவி. பத்தொன்பது வயது. சுவாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். பாடம் பன்னிரண்டரைக்கு முடியும். பஸ் நாலரைக்கு. நடுவில் நான்கு மணி நேரம். முதல் வாரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கீழே கடைக்காரர் எண்ணெய் டின்னை அடுக்க இடம் வேண்டும் என்று எழுப்பிவிட்டார். இரண்டாம் வாரம் கூடத்தின் கதவோரம். கணினிகள் சூடாகக் கூடாது என்பதற்காக அந்தக் கட்டடத்திலேயே கூடத்தில் மட்டும்தான் குளிர்சாதனம். கதவிடுக்கில் வரும் குளிர்காற்றுக்காகத்தான் அங்கே உட்கார்ந்தாள்.

மூன்றாம் வாரம் மங்கையற்கரசி கதவைத் திறந்து, “உள்ளுக்கு வந்து இரு பிள்ளை. காத்தெல்லாம் வெளியில போகுது,” என்றாள்.

வள்ளி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.*

* “தாகம் கொண்ட மனம் அறிவைத் தேடி” என்று இங்கே ஒரு வரி இருந்தது. அம்மா அழிக்கச் சொன்னார். “குளிருக்குத்தான்டா வந்தது.”

4

வள்ளி ஏன் காலைப் பாடத்தில் சேர்ந்தாள் என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் எதுவும் நிற்காது.

தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்பவருக்குத்தான். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வள்ளியின் அம்மா ராக்கம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். அடுத்த ஏப்ரலில் அவருக்கு ஐம்பத்தைந்து வயது முடிகிறது. அன்றோடு வேலை நின்றுவிடும். கணவர் இறந்து எட்டு வருடம். வேறு பிள்ளைகள் இல்லை. முப்பத்தோரு வருடமாக இருந்த லயத்து வீட்டை, தொழிலாளர் வரிசையில் அந்த ஒரு வீட்டை, காலி செய்ய வேண்டும், வீட்டிலிருந்து இன்னொருவர் தோட்டத்து வேலைக்கு வந்தால் ஒழிய.

தோட்டம் அப்போது மேட்டுப் பகுதியில் பழைய ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தது; பால் வெட்டப் புதிதாக ஆள் எடுக்கவில்லை. சரிவில் மண் கரைகிறது என்று அரசாங்க அதிகாரி எழுதிப்போயிருந்தார். ஆகவே மண்ணும் நீரும் படித்த ஓர் ஆள் தேவைப்பட்டது. வள்ளி அந்தச் சான்றிதழோடு ஜனவரிக்குள் வந்தால் அவளுக்கே மேற்பார்வை வேலை. வீடு அவள் பெயருக்கு மாறும். மேனேஜர் கையெழுத்துப் போட்ட கடிதம் அவர்கள் வீட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்தது.

சான்றிதழ் கிடைத்தால் வீடு. கிடைக்காவிட்டால் இல்லை.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். கதைகளில் அப்படித்தானே. தோட்டத்து அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் பார்க்கும் கிராணி, பெயர் விசுவலிங்கம். தங்க விளிம்புக் கண்ணாடியும் கறாரான உதடும் கொடுத்து, ராக்கம்மாவை வெயிலில் நிற்க வைத்து, “சட்டம் சட்டந்தான்” என்று பேசவும் வைத்தேன். நன்றாகவே வந்தது.

வீட்டுக் குழுவில் அந்தப் பகுதியைப் போட்டதும் சித்தப்பா நேரே அழைத்துவிட்டார். ஏனென்றால் விசுவலிங்கம் கிராணி அம்மாவின் சொந்தப் பெரியப்பா.

அம்மா சொன்ன விசுவலிங்கம் வேறு மாதிரி. மேனேஜரிடம் மூன்று தடவை போய் நின்று அந்தக் கடிதத்தை எழுதி வாங்கியவரே அவர்தான். வாய்ப்பேச்சு பிறகு மாறிவிடும், தாளில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம். அதோடு அவர் இருந்ததும் தோட்டத்து வீடுதான். கிராணி வீட்டுக்கு முன்னால் பூச்செடியும் பின்னால் இன்னோர் அறையும் இருக்கும், விதி ஒன்றே. அடுத்த வருடம் அவரும் பெட்டி கட்ட வேண்டியவர்.

வில்லனை எடுத்துவிட்டேன். கதையில் கெட்டவர் யாரும் இல்லை. இது எழுதுகிறவனுக்கு எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குச் சொன்னால் புரியும் என்று நினைக்கிறேன்.

6

செப்டம்பரில் கல்லூரிக்குக் கம்பி வந்தது. கறுப்பாக, சுண்டுவிரலைவிட மெலிதாக, ஒரு பெரிய சுருள். கூடவே ஒரு பெட்டி நிறைய உலோகத் துண்டுகள். பத்துக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றில் இருப்பது மற்றதில் தெரியும்படி செய்ய வேண்டும். கணினிகள் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையில் இருந்தன.

கம்பியை அளந்து வெட்டி முனைகளில் உலோகத் தலையைப் பொருத்துவது நுணுக்கமான வேலை. பிற்பகல் வகுப்புப் பையன்கள் ஆளுக்கு இரண்டு தலையைப் பாழாக்கினார்கள். கடைசி வரிசையிலிருந்து வள்ளி எழுந்து வந்து, கேட்காமலேயே கத்தியை வாங்கினாள். பட்டையைச் சீவினால் உள்மரத்தில் காயம் படக் கூடாது என்று பத்து வயதிலிருந்து பழகிய கை. கறுப்புத் தோல் மட்டும் கழன்று வந்தது, உள்ளே இருந்த இழைகளில் ஒரு கீறல் இல்லை.  “அந்தக் கையை நீ பாத்திருக்கோணும்,” என்கிறார் அம்மா குரல் பதிவில்.

ஆகவே முழுக் கம்பியையும் வள்ளியையே இழுக்கச் சொன்னாள் மங்கையற்கரசி. வள்ளி கதவோரத்துக் கணினியில் தொடங்கினாள். ஒரு வரிசை முழுக்க மேலே போனாள், திரும்பி அடுத்த வரிசை வழியாகக் கதவுக்கே வந்தாள். ஒன்பது துண்டுக் கம்பி போதும். அவள் மீதியிருந்த கம்பியில் பத்தாவது துண்டு ஒன்றையும் செய்து, கடைசிக் கணினியை முதல் கணினியோடு சேர்த்து முடித்தாள்.

தவறு அதுதான். அந்த வலையில் முதலும் கடைசியும் சேரக் கூடாது.

தோட்டத்தில் பிறந்தவர் ஒருவர்தான் அந்தத் தவறைச் செய்திருக்க முடியும். பால் வெட்டுகிறவர்கள் வாளி வைத்த இடத்தில் தொடங்கி ஒரு நிரையில் ஏறி, அடுத்த நிரையில் இறங்கி, வாளி இருக்கும் இடத்துக்கே வந்து சேர வேண்டும். எங்கோ போய் முடிகிற நிரை மோசமான நிரை. பாலைச் சுமந்துகொண்டு வெறுங்காட்டில் திரும்பி நடக்க வேண்டியிருக்கும். வள்ளிக்குத் தொடங்கிய இடத்துக்கு வராத வேலை முடிந்த வேலையே இல்லை.

மங்கையற்கரசி பார்த்தாள். வளையம் அழகாக இருந்தது. சரி என்று நினைத்தாள். அந்த அத்தியாயம் அவளும் படித்திருக்கவில்லை.

பத்தையும் முடுக்கினார்கள். பத்தும் தனித்தனியாக முழித்தன. ஒன்றுக்கு இன்னொன்றைத் தெரியவில்லை. மூன்று நாள் அப்படியே. பையன்களில் ஒருவன், “என்ன வள்ளி, கம்பியில கோயில் சுத்திட்டியா? தேங்கா ஒடைச்சாதான் வேலை செய்யும்லா,” என்றான். வள்ளி எல்லாத் தலைகளையும் கழற்றித் திரும்பப் போட்டாள். மூன்று தடவை.

7

[இங்கே மங்கையற்கரசி மேதைபோல விடையைக் கண்டுபிடிக்கும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அம்மாவுக்குப் பெருமையாக இருக்கும் என்று. அம்மா படித்துவிட்டு, “இது ஆர்?” என்று கேட்டார்.]

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை அவள் அடுத்த அத்தியாயத்தைப் படித்தாள். கம்பிக்கு இரண்டு முனைகள் இருக்க வேண்டும், இரண்டிலும் ஒரு மூடி போட வேண்டும், இல்லாவிட்டால் செய்தி முனையில் முட்டித் திரும்பி வரும் என்று எழுதியிருந்தது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. முனை மூடியிருந்தால் முட்டாதா, திறந்திருந்தால் வெளியே போய்விடாதா என்று குழம்பினாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பத்தியை வாசித்துவிட்டு, “எனக்கு இது விளங்கேல்லை,” என்றாள். டீச்சர் அப்படிச் சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை. 

கடைசி வரிசையில் வள்ளி எழுந்தாள். அன்று காலைதான் ராமகிருஷ்ணன் சார் தன் வகுப்பை ஒரு சரிவுக்குக் கூட்டிப் போயிருந்தார். காலணியில் சேறு காய்ந்திருந்தது.

“டீச்சர், காலையில எங்க பாடத்துல இதான். சரிவுல தண்ணி ஓட கான் வெட்டுவோம்லா. வேகமா வர்ற தண்ணி முனையில முட்டுச்சுன்னா திரும்பி அடிச்சி கரைய ஒடைச்சிடும். அதுக்குத்தான் முனையில ஒரு குழி வெட்டி வுடுறது. தண்ணி அதுல வுழுந்து அடங்கிடும். அந்த மூடி அந்தக் குழிதான். அடைக்கிறதுக்கு இல்ல, வாங்கிக்கிறதுக்கு.” தான் இழுத்த கம்பியைக் காட்டினாள். “நான் முனையே இல்லாம சுத்தி வுட்டுட்டேன். தண்ணி எங்க வுழும்? சுத்திகிட்டே கெடக்கும்.”

மங்கையற்கரசி கையேட்டை மூடினாள். அவள் அந்த நேரத்தில் என்ன நினைத்தாள் என்று அம்மாவிடம் கேட்டேன். பொறாமையா என்றேன். “சீ. சந்தோசத்தில எனக்குக் கண் கலங்கிட்டுது. ஒரு பக்கத்து மண்ணை வச்சு மற்றப் பக்கத்துக் கம்பியைப் படிச்ச பிள்ளையடா அது. ரெண்டு வகுப்பிலயும் இருந்தது அது ஒண்டுதானே.”

மூடிகள் இரண்டும் சுண்ணாம்புக்கட்டிப் பெட்டியில் இருந்தன. தூசி படாமல் இருக்கப் போட்டு அனுப்பிய உறை என்று நினைத்து மங்கையற்கரசியே அங்கே போட்டிருந்தாள். வள்ளி பத்தாவது துண்டைக் கழற்றி, இரண்டு முனையிலும் மூடியைத் திருகினாள். இரண்டாம் கணினியின் திரையில் முதல் கணினியின் பெயர் வந்தது. பிறகு மூன்றாவது. பத்தும் வரும்வரை யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. கோயில் சுத்திட்டியா என்று கேட்ட பையன்தான் முதலில் கைதட்டினான்.

8

இதோடு முடித்தால் நல்ல கதை. வீட்டுக் குழுவுக்கு இதுவே போதும். ஆனால் அம்மாவின் பதிவில் இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது.

பிற்பகல் வகுப்பில் ஒருவன் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மங்கையற்கரசி கல்லூரித் தலைவரிடம் பேசி, காலியான இடத்தில் வள்ளியின் பெயரைத் தேர்வுக்கு எழுதினாள். சிரம்பானில் வங்கிக் கிளைகளுக்குக் கம்பி இழுக்கும் நிறுவனம் ஒன்று, தேர்வில் முதலில் வரும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. முதல் ஆள் யாரென்று தேர்வுக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும்.

அந்த வேலைக்கு வீடு கிடையாது. சிரம்பானிலேயே அம்பாங்கான் பக்கம் ஓர் அறை எடுத்துத் தங்கலாம். ராக்கம்மாவையும் கூட்டி வரலாமே என்று மங்கையற்கரசி சொன்னபோது வள்ளி, “அந்த ரூம்புல எங்கம்மா எங்க நிப்பாங்க டீச்சர்,” என்றாளாம்.

நவம்பரில் தேர்வுத் தேதி வந்தது. மண் பாடத்தின் களத்தேர்வு சனிக்கிழமை காலை ஒன்பது மணி. கம்பிப் பாடத்தின் செய்முறைத் தேர்வு அதே சனிக்கிழமை அதே ஒன்பது மணி. இரண்டு பாடத்துக்கும் தேர்வாளர்கள் கோலாலம்பூரிலிருந்து ஒரே காரில் வருகிறார்கள். தேதியை மாற்ற முடியாது என்றார் தலைவர். அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்து. ராக்கம்மாவின் ஏப்ரல் அதுவரை காத்திருக்காது.

9

ராக்கம்மா கல்லூரிக்கு வந்தது அந்த வாரத்தில்தான். மழை, மரம் நனைந்தால் வெட்டு இல்லை. கூடத்தில் வேறு யாரும் இல்லாத நேரம். நாற்காலியைக் காட்டியதும் உட்கார்ந்தார், தயங்கவெல்லாம் இல்லை.

இந்தக் காட்சியை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அவர் அழுகிறார். ஒன்றில், ‘என்னை நினைக்காதே, நீ படி’ என்று மகளை ஆசீர்வதிக்கிறார். இரண்டையும் எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, அதனாலேயே சந்தேகமும் வந்தது. அம்மா சொன்னபடியே மூன்றாவது:

“எங்க கிராணி ஒங்க பெரியப்பாவாம்லா,” என்று தொடங்கினார் ராக்கம்மா.

“ஓம்.”

“அப்ப ஒங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். நான் சுத்தி வளைக்கல. மத்தியானத்துல அந்தக் கதவ மூடிடுங்க டீச்சர்.”

மங்கையற்கரசி வள்ளியின் திறமையைச் சொன்னாள். வங்கியைச் சொன்னாள். இப்படி ஒரு மாணவி இனித் தனக்குக் கிடைக்கமாட்டாள் என்றும் சொன்னாள். ராக்கம்மா முழுவதும் கேட்டார்.

“கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியாதா. எம் மவதான. ஆனா எனக்கு அந்த வூடு வேணும். மத்த தாய்மாருங்க மாதிரி, நீ போ தாயி, என்னை விடுன்னு சொல்லிட்டு உள்ளுக்குள்ள வெந்துகிட்டு இருக்க எனக்கு வராது. முப்பத்தோரு வருசம் இருந்த வூடு. அது வேணும்னு கேக்கறது தப்பா?”

“தப்பில்லை,” என்றாள் மங்கையற்கரசி. 

“அப்ப மூடுங்க.”

“அது என்னால ஏலாது அம்மா. பஸ் நாலரைக்குத்தானே. அதுவரைக்கும் பிள்ளை எங்க இருக்கும்?”

ராக்கம்மா சிரித்துவிட்டார். “போச்சு போங்க. எல்லாத்துக்கும் அந்த பஸ்காரன்தான் காரணமா?”

எழுந்தவர் போகவில்லை. மகள் இழுத்த கம்பி எது என்று கேட்டார். மங்கையற்கரசி காட்டினாள். ஒரு விரலைக் கம்பியில் வைத்து, கணினிக்குக் கணினி அதன் கூடவே நடந்தார். மரத்துக்கு மரம் நடக்கிற அதே நிதானம். கடைசி மூடியில் விரல் நின்றது.

“நல்லாதான் இழுத்திருக்கா,” என்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

இதை மகளிடம் மறைக்கவும் இல்லை. மறுநாள் வள்ளியே வந்து சொன்னாள்: “எங்கம்மா எங்கிட்டயும் இதையேதான் சொன்னாங்க டீச்சர். வூடு வேணும், ஆனா காலப் புடிச்சி இழுக்க மாட்டேன், நீ பாத்து செய்யின்னு. கோவிச்சுக்கவும் முடியல.”

சரோ அக்கா இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, ராக்கம்மாவைக் கொஞ்சம் மென்மையாக எழுதக் கூடாதா என்று கேட்டாள். முடியாது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர். தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு நேராகக் கேட்கும் ஒருவரை நான் கதைகளிலும் சந்தித்ததில்லை, வீடுகளிலும் சந்தித்ததில்லை.

10

சனிக்கிழமை, ஒன்பதுக்குப் பத்து நிமிடம்.

கீழே தெருவில் ராமகிருஷ்ணன் சாரின் வேன், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அளவுக் கழிகள் கூரையில் கட்டியிருக்கின்றன. எட்டு மாணவர்கள் ஏறியாயிற்று. மேலே கூடத்தில் தேர்வாளர் கம்பிகளை எல்லாம் கழற்றிக் குவித்து வைத்துவிட்டார். முதலிலிருந்து இணைக்க வேண்டும். மங்கையற்கரசி ஜன்னலோரம் நிற்கிறாள்.

தோட்டத்து லோரி வந்து நிற்கிறது. வள்ளி குதித்து இறங்குகிறாள். வெயிலுக்குப் போடும் பெரிய தொப்பி கையில். தோள்பையில் கம்பி வெட்டும் கத்தி. பையின் வடிவத்திலேயே தெரிகிறது. இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருக்கிறாள்.

[ராக்கம்மாவை எதிர்ப்பக்கக் கடையடியில் நிற்க வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அன்று வெயில், அவருக்கு வெட்டு இருந்தது.]

வள்ளி வேனுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறாள். மேலே பார்க்கிறாள். மங்கையற்கரசி கையைக் காட்டவில்லை, தலையை அசைக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். வா என்று ஒரு விரலை அசைத்தால் போதும், அந்தப் பிள்ளை வந்துவிடும் என்று தெரியும், அதனால்தான் அசைக்கவில்லை என்கிறார் அம்மா.

11

முடிவு, முதல் வடிவம். வேனில் ஏறுகிறாள். மேட்டுச் சரிவில் முளையடித்து, கான் எங்கே போக வேண்டும், குழி எங்கே விழ வேண்டும் என்று நூல் பிடித்துக் காட்டுகிறாள். தேர்வாளர் அவளிடமே சந்தேகம் கேட்கிறார். ஜனவரியில் வீடு அவள் பெயருக்கு வருகிறது. ராக்கம்மா அவளை உட்கார வைத்துச் சோறு போடுகிறார். எழுதி முடித்து ஒரு நாள் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் படித்தபோது மேலே கூடத்தில் குவிந்து கிடந்த கம்பி கண்ணை உறுத்தியது.

இரண்டாம் வடிவம். படியேறுகிறாள். இருபத்தெட்டு நிமிடத்தில் பத்துக் கணினியும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. அம்பாங்கான் அறை. ஏப்ரலில் லோரியில் கட்டில், பாத்திரம், சாமிப்படம். ராக்கம்மா லோரியின் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்காமல் வரு— இங்கே பதிவை நிறுத்திவிட்டேன். பஸ்ஸும் வந்துவிட்டது.

மூன்றாம் வடிவம். ஏழரைக்கே வந்து, தேர்வாளரைக் கெஞ்சி, கம்பியை முடித்துவிட்டு வேனையும் பிடித்துவிடுகிறாள். உங்களுக்கு இதுதான் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. அம்மா ஒரே வரியில் பதில் போட்டார்: “தேர்வாளர்மார் வந்ததே எட்டரைக்கு.”

12

நடந்தது எனக்குத் தெரியும். குரல் பதிவின் கடைசியில் அம்மா இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதை அப்படியே இங்கே எழுதியும் வைத்திருந்தேன். வெளியாட்களும் படிக்கப் போகிறார்கள் என்றதும் அம்மா, அந்தப் பிள்ளையிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்று வள்ளிக்குப் போன் போட்டார். இப்போதும் தொடர்பில் இருக்கிறார்கள். வள்ளி இப்போது எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அன்று எந்தப் பக்கம் போனார் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வள்ளி சொன்னது:

“தம்பி எழுதட்டும் டீச்சர். கம்பிய தப்பா இழுத்தது, எங்கம்மா வந்து கேட்டது, எல்லாம் எழுதட்டும். எதுல ஏறுனேன்னு மட்டும் வேணாம். மேல வந்தேன்னு போட்டா, பெத்தவள வூட்ட வுட்டு கெளப்பிட்டான்னு என்னை ஏசுவாங்க. வேன்ல ஏறுனேன்னு போட்டா, வூட்டுக்காக மவளக் கெடுத்துட்டான்னு எங்கம்மாவ ஏசுவாங்க. ரெண்டுமே பொய்லா.”

எழுதி வைத்திருந்ததை அழித்தேன்.

அதற்குப் பிறகும் ஏழு தடவை முயன்றேன், பெயர்களை மாற்றி, ஊரை மாற்றி. ஒவ்வொரு தடவையும் கடைசி வரிக்கு வரும்போது யாராவது ஒருவர் குற்றவாளி ஆகிவிடுகிறார்கள். ஒரு தடவை அம்மாகூட ஆனார், ஜன்னலில் கையை அசைக்காததற்காக.

அதனால் முடிவை உங்களிடம் கொடுக்கிறேன். வேனில் ஏற்றினாலும் சரி, மாடிக்கு அனுப்பினாலும் சரி. ராமகிருஷ்ணன் சார் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டார்; நேரம் அதிகம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் முடிவைப் படிக்கிறவர், வள்ளிநாயகியையும் ஏசக் கூடாது, ராக்கம்மாவையும் ஏசக் கூடாது.

எழுதிப் பாருங்கள்.